பழைய வால்வு கிட்டார் ஆம்ப் வாங்கும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

மலிவாக ஒரு வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளைக் கொண்டு கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) விற்பனைக்கு வந்தால் அதில் ஏதோ ஒரு கோளாறு இருக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். அதற்காக வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. கரகரப்பு, இரைச்சல், ஊளை, ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) வராதது என்று காதுக்குப் பயங்கரமாகத் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை சின்னச் செலவில் தீரும். டிரான்ஸ்ஃபார்மர் போனால்தான் கை சுடும். இந்த இரண்டையும் விற்பவர் வீட்டிலேயே, ஆம்பைத் திறக்காமலே, பிரித்துப் பார்க்க முடியும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

குறைந்த விலையில் அடிக்கடி கைமாறும் ஆம்ப்களை மனதில் வைத்து எழுதுகிறேன்: எபிஃபோன் வால்வ் ஜூனியர் (ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, 5 வாட்), ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் (மூன்று 12ஏஎக்ஸ்7, இரண்டு இஎல்84, 15 வாட்), ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் (மூன்று 12ஏஎக்ஸ்7, இரண்டு 6எல்6, 40 வாட்), பீவி கிளாசிக் 30. இவற்றில் 12ஏஎக்ஸ்7 என்பது ப்ரீஆம்ப் வால்வு (கிட்டாரிலிருந்து வரும் ஒலியை முதலில் பெருக்குவது); இஎல்84, 6எல்6 எல்லாம் பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டுவது). மற்ற ஆம்ப்களுக்கும் வழிமுறை இதேதான்.

## கையில் எடுத்துப் போக வேண்டியவை

உங்கள் கிட்டார், நல்ல நிலையில் உள்ள ஒரு கேபிள், ஒரு சின்ன பேட்ச் கேபிள், மல்டிமீட்டர், டார்ச், பென்சில், ஒரு பென் டார்ச் பேட்டரி, வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு (இசிசி83 என்று எழுதியிருந்தாலும் அதே வால்வுதான்). அந்த மாடலுக்கு உரிய ஃப்யூஸ் இரண்டு.

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: "நான் வரும்வரை ஆன் பண்ண வேண்டாம்." சூடான பிறகு மறைந்துவிடும் கோளாறும் உண்டு, சூடான பிறகே தலைகாட்டும் கோளாறும் உண்டு. ஆம்ப் ஆறியிருக்கும்போது தொடங்கி அரை மணி நேரமாவது ஓடவிட்டால்தான் இரண்டும் தெரியும்.

## இரண்டு விதிகள்

சேசிஸை, அதாவது சுற்று இருக்கும் உலோகப் பெட்டியை, திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட், சிலவற்றில் 450 வோல்ட் வரை தேங்கி நிற்கும். ஆளைக் கொல்ல அது போதும். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் முன்பக்கத்திலும், திறந்திருக்கும் பின்பக்கத்திலும் நின்று செய்யக்கூடியவை மட்டுமே.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யாதீர்கள். வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதனாலேயே எரிந்துபோகலாம். "ஸ்பீக்கர் இல்லை, ஹெட் மட்டும்தான், லைட் எரியுது பாருங்க" என்று ஆன் செய்து காட்ட விற்பவர் கை நீட்டினால் தடுத்துவிடுங்கள்.

## பிளக்கைச் சொருகும் முன்

### பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று இருக்கிறது

அமெரிக்கா, கனடா சந்தைக்குச் செய்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், இங்கிலாந்து எல்லாம் 230 வோல்ட் ஊர்கள். பயண அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. அப்படிச் சொருகினால் ஃப்யூஸ் போனதோடு தப்பிப்பது அதிர்ஷ்டம்.

இந்த ஆம்புக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (230 வோல்ட்டை 120 வோல்ட்டாக இறக்குவது) தேவை. 15 முதல் 40 வாட் ஆம்புக்கு 300 விஏ இருந்தால் நிம்மதி. வாங்கும்போது மல்டிமீட்டரின் பஸ்ஸர் முனைகளை டிரான்ஸ்ஃபார்மர் பிளக்கின் எர்த் பின்னிலும், அதன் அவுட்லெட்டின் எர்த் துளையிலும் வையுங்கள். சத்தம் வர வேண்டும். மலிவான பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் ஆம்பின் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

### இரண்டு பின் ஒயர்

1960களின் பிற்பகுதி வரை வந்த அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு பின் ஒயர்தான். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் கரண்ட் வரும். வாங்கலாம், ஆனால் மூன்று பின் ஒயர் போட்டு அந்தக் கண்டென்சரைக் கழற்றும்வரை வாசிக்கக் கூடாது. மெக்கானிக்குக்கு இது சின்ன வேலை.

### டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான் தெரிகிறது, அதுவும் குட்டியாக

மிக மலிவான பழைய அமெரிக்க ஆம்ப்களில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. வால்வின் மேல் 50சி5, 50எல்6, 35டபிள்யூ4, 35இசட்5 போன்ற எண்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இவற்றில் மெயின்ஸ் நேரடியாகச் சுற்றுக்குள் போகிறது. இதைச் சொருகிப் பார்க்கவே வேண்டாம். மெயின்ஸைச் சுற்றிலிருந்து பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் பாதுகாப்பாக்கலாம், ஆனால் முதல் ஆம்பாக இதை வாங்காதீர்கள்.

## அறிகுறி: ஆன் செய்தால் லைட் எரியவில்லை

### லைட் இல்லை, ஆனால் வால்வுகள் ஒளிர்கின்றன

பல்பு போயிருக்கிறது. ஃபெண்டர் போன்றவற்றில் 6.3 வோல்ட் குட்டி பல்பு, சிவப்பு மூடியைத் திருகிக் கழற்றி மாற்றலாம். ஆம்பில் கோளாறு இல்லை.

### லைட்டும் இல்லை, வால்வும் ஒளிரவில்லை

முதலில் வேறு சாக்கெட். பிறகு வேறு பவர் கார்டு. பிறகு ஃப்யூஸ்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க மூடியைத் திருகி எடுத்து மல்டிமீட்டரில் பஸ்ஸர் வையுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முனையில் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஃப்யூஸுக்குப் பதிலாக அலுமினியத் தாள் சுற்றியிருந்தாலோ, எழுதியிருப்பதைவிடப் பெரிய ஃப்யூஸ் போட்டிருந்தாலோ, அதைப் பேச்சுவாக்கில் விட்டுவிடாதீர்கள். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனதால்தான் யாரோ அப்படிச் செய்திருப்பார்கள். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஃப்யூஸும் நன்றாக இருந்தால் சுவிட்ச், உள் ஒயர், பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்று மிச்சம் இருப்பவை உள்ளே. இனி மெக்கானிக் வேலை. டிரான்ஸ்ஃபார்மர் போன ஆம்ப் என்ற விலைக்குக் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

## அறிகுறி: ஃப்யூஸ் போகிறது

ஃப்யூஸுக்கும் வயதாகும். சரியான மதிப்பில் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் (ஆன் செய்யும் கணத்தில் பாயும் கரண்டைத் தாங்குவது) ஒன்றைப் போட்டு ஒரே ஒரு முறை பாருங்கள். 230 வோல்ட் மாடலின் ஃப்யூஸ் மதிப்பு 120 வோல்ட் மாடலில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. தப்பான ஊர் ஃப்யூஸ் போட்டிருக்கிறதா என்று பின்பக்க எழுத்தோடு ஒப்பிடுங்கள்.

### புதிய ஃப்யூஸும் போய்விட்டது

பிளக்கைப் பிடுங்கி, வால்வுகள் ஆறும்வரை காத்திருங்கள். பவர் வால்வுகளை எடுத்துவிடுங்கள். ரெக்டிஃபயர் வால்வு இருந்தால் (ஏசியை டிசியாக்கும் வால்வு; 5ஒய்3, ஜிஇசட்34 போன்றவை) அதையும் எடுங்கள். அடுத்த ஃப்யூஸைப் போட்டுச் சில விநாடி மட்டும் ஆன் செய்யுங்கள்.

ஃப்யூஸ் தாங்கினால் பெரும்பாலும் எடுத்த வால்வுகளில் ஒன்று ஷார்ட். வால்வு செலவோடு முடிய நல்ல வாய்ப்பு உண்டு. வால்வே இல்லாமலும் ஃப்யூஸ் போனால் டயோடு, ஃபில்டர் கண்டென்சர் (டிசியைச் சீராக்கும் பெரிய கண்டென்சர்), பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஆகிய மூன்றில் ஒன்று. மூன்றாவது ஃப்யூஸ் போடாதீர்கள்.

நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு (மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே போகும் பலகை) இங்கே ஃப்யூஸைவிட நல்ல சோதனை. 100 வாட் குண்டு பல்பு போட்டது வேண்டும், எல்இடி உதவாது. ஆம்பை அதன் வழியே ஆன் செய்தால், நல்ல ஆம்பில் பல்பு ஒரு நொடி பிரகாசமாக எரிந்து மங்கலாக இறங்கி நிற்கும். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். ஃப்யூஸும் போகாது, டிரான்ஸ்ஃபார்மரும் வேகாது. பல மாதம் மூலையில் கிடந்த ஆம்ப் என்றால் நான் முதல் முறை ஆன் செய்யச் சொல்வது இதன் வழியாகத்தான். 120 வோல்ட் ஆம்ப் என்றால் சீரிஸ் லேம்ப் ஸ்டெப் டவுனுக்கு முன்னால், சுவர்ப் பக்கம் வர வேண்டும்.

ஆன் செய்தவுடன் வார்னிஷ் கருகும் நெடி வந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. அது டிரான்ஸ்ஃபார்மர் வேகும் நெடி.

## அறிகுறி: வால்வு ஒளிர்கிறது, சத்தம் வரவில்லை

ஸ்டாண்ட்பை சுவிட்ச் (வால்வைச் சூடாக வைத்துக்கொண்டே சத்தத்தை நிறுத்துவது) இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது? (ப்ளூஸ் ஜூனியரில் ஸ்டாண்ட்பை கிடையாது, தேட வேண்டாம்.) வால்யூம், மாஸ்டர் இரண்டும் ஏற்றியிருக்கிறதா? உங்கள் கேபிள், உங்கள் கிட்டார்தானா?

### ஸ்பீக்கரில் லேசான 'ஸ்ஸ்' கூட இல்லை

அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஜாக்கை உருவுங்கள். ஜாக் முனையிலும் உடலிலும் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டக்' என்று கேட்டு கோன் அசைந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டும், அது சரியான அளவுதான். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயரோ ஸ்பீக்கரோ அறுந்திருக்கிறது.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் முழு மௌனம் என்றால் பவர் வால்வுகளைப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் வெளிச்சமே இல்லையா? மேல்பக்க வெள்ளிப் பூச்சு பாலைப் போல வெளுத்திருக்கிறதா? வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துப்போனது. வால்வுகள் எல்லாம் சரியாகத் தெரிந்தும் மௌனம் தொடர்ந்தால் ஹை வோல்ட்டேஜ் வரவில்லை, அல்லது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கிறது. ஆம்புக்குள் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்து விலை கூடிய சாமான் அதுதான். வீட்டில் பார்த்துத் தீர்க்க முடியாது.

### 'ஸ்ஸ்' கேட்கிறது, கிட்டார் சத்தம் மட்டும் வரவில்லை

இது பெரும்பாலும் நல்ல செய்தி. பவர் பகுதி வேலை செய்கிறது.

எஃபெக்ட்ஸ் லூப் (எஃபெக்ட் பெடல்களை இடையில் சேர்க்கும் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) இருக்கும் ஆம்ப் என்றால் பேட்ச் கேபிளின் ஒரு முனையை சென்ட், மறுமுனையை ரிட்டர்ன் ஜாக்கில் சொருகுங்கள். ஹாட் ராட் டீலக்ஸில் அவற்றுக்கு ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று பெயர். சட்டென்று சத்தம் வந்துவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு துருவேறியிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி, ஜாக்கைப் பத்துப் பதினைந்து தடவை சொருகி உருவினால் தீர்ந்தது. "சத்தமே வரலை, பார்ட்ஸுக்குத்தான் ஆகும்" என்று விலை போடப்படும் ஆம்ப்களில் இந்தக் கோளாறு சகஜம். பேட்ச் கேபிளை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னது இதற்காக.

அதிலும் வராவிட்டால், ஆம்பை அணைத்து ஆறவிட்டு, இன்புட் ஜாக் பக்கம் இருக்கும் முதல் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு நீங்கள் கொண்டுபோனதைப் போடுங்கள். பிறகு அடுத்தது. வால்வை நேராக, லேசாக வட்டமாக ஆட்டி உருவுங்கள், ஒன்பது பின்னும் வளையாமல் வரும். வால்வு மாற்றியும் பயனில்லை என்றால் இன்புட் ஜாக்கில் கேபிளை மேலும் கீழும் அசையுங்கள். விட்டு விட்டுச் சத்தம் வந்தால் போர்டில் ஜாக்கின் சால்டர் விட்டிருக்கிறது. இன்புட் ஜாக்கை நேராக போர்டிலேயே பொருத்திய ஆம்ப்களில் இது சாதாரணம், சால்டர் வைத்தால் சரியாகும்.

## அறிகுறி: ஹம்

ஹம் என்றால் 'ம்ம்ம்' என்று தொடர்ந்து வரும் ரீங்காரம். வாங்குபவர்களை அதிகம் பயமுறுத்துவதும், அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பொறுமையாகப் பிரியுங்கள்.

### கிட்டாரை உருவினால் ஹம் நின்றுவிடுகிறது

ஆம்பில் தவறில்லை. சிங்கிள் காயில் பிக்கப், டியூப் லைட், டிம்மர், பக்கத்தில் இருக்கும் சார்ஜர். கிட்டாரைக் கையில் பிடித்துத் திரும்பிப் பாருங்கள், திசைக்குத் திசை ஹம் கூடிக் குறையும்.

### கிட்டார் இல்லாமலும் ஹம், வால்யூமைத் திருப்பினால் கூடுகிறது

ப்ரீஆம்ப் பக்கம். முதலில் அந்த வீட்டு சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். லைவுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய முழு மெயின்ஸ் வோல்ட்டேஜைக் காட்ட வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் துளை பெயருக்கு மட்டும் இருப்பது உண்டு, அதற்கு ஆம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. எர்த் சரியாக இருந்தால் ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-ஆக மாற்றிப் பாருங்கள்.

### எல்லாக் குமிழும் பூஜ்யத்தில், அப்போதும் ஹம்

இங்கேதான் கிட்டாரையே கருவியாக வைத்துக்கொள்ள வேண்டும். சரியாக ட்யூன் செய்த கிட்டாரில் தடித்த இ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் ஊரில் ஃபில்டர் கண்டென்சர் தளர்ந்தால் வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ். அதாவது ஹம் அந்த ஜி சுரத்தோடு கிட்டத்தட்ட ஒன்றிப் போகும். அமெரிக்கா, கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே இந்த ஹம் 120 ஹெர்ட்ஸ், ஏ கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில் உள்ள பி சுரத்துக்குச் சற்றுக் கீழே.

ஹம் அந்தச் சுரத்தோடு ஒன்றிப் போனால் இரண்டே காரணங்கள் அநேகமாக. ஒன்று, பவர் வால்வு ஜோடியில் ஒன்று மற்றதைவிடத் தேய்ந்திருக்கிறது. மற்றொன்று, ஃபில்டர் கண்டென்சர்கள். பழைய ஆம்ப் என்றால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். இருபது வருடம் தாண்டிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை, ஹம் இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டிய சாமானாகவே கணக்கில் எடுங்கள். கண்டென்சர் விலை அதிகமில்லை, கூலிதான். எந்த நல்ல மெக்கானிக்கும் ஒரு நாளில் முடித்துத் தருவார்.

ஹம் அந்தச் சுரத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே, வயிற்றில் உணரும்படி இருந்தால் அது நேரடி 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். எர்த் இணைப்பு, ஹீட்டர் ஒயரிங், உள்ளுக்குள் கசியும் வால்வு. பவர் வால்வுக்கு அடுத்திருக்கும் கடைசி 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஹம் நின்றால் பிரச்சினை அதற்கு முன்னால், நிற்காவிட்டால் பவர் பகுதியில்.

5 வாட் ஒற்றைப் பவர் வால்வு ஆம்ப்களில் லேசான ஹம் இயல்பு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கும், வாசிக்கும்போது தெரியாது. அதைத் தீர்க்கிறேன் என்று கிளம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

## அறிகுறி: கரகர, படபட

### குமிழைத் திருப்பும்போது மட்டும்

தூசி. கான்டாக்ட் கிளீனர் போதும். இதைக் காரணம் காட்டி விலை குறைப்பது நியாயமில்லை, ஆனால் விற்பவர் பலர் குறைத்துவிடுவார்கள்.

### யாரும் தொடாமலே, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல்

ஒவ்வொரு வால்யூம் குமிழாகக் குறையுங்கள். எந்தக் குமிழைக் குறைத்தால் சத்தம் அடங்குகிறதோ, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. அந்தப் பகுதியின் 12ஏஎக்ஸ்7-ஐ மாற்றிப் பாருங்கள். பாதி கேஸ் இங்கே தீரும். தீராவிட்டால் வால்வு சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருக்கலாம்: அணைத்து, ஆறவிட்டு, வால்வைச் சில முறை உருவிச் சொருகுங்கள்.

வால்வு, சாக்கெட் இரண்டும் சரியென்றால் உள்ளே ஒரு ரெசிஸ்டர். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள், முக்கியமாக வால்வின் பிளேட்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், வயதானால் இப்படிப் பொரியும். ரெசிஸ்டர் விலை சில ரூபாய், தேடிக் கண்டுபிடிக்கும் கூலி கொஞ்சம்.

### சூடான பிறகு மட்டும், அல்லது பெட்டியைத் தட்டினால் மட்டும்

சால்டர் விட்டிருக்கிறது. கையால் பெட்டியின் மேல்பகுதியை இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் அதிகமாகும் இடம் தெரிந்தால் மெக்கானிக்கிடம் சொல்லலாம். அவருக்கு அரை நாள் தேடுதல் மிச்சம்.

## அறிகுறி: ஊளை, கூச்சல்

வால்யூமைப் பாதிக்கு ஏற்றிவிட்டுப் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு ப்ரீஆம்ப் வால்வையும் மெல்லத் தட்டுங்கள். லேசாக 'டொக்' என்று ஸ்பீக்கரில் கேட்பது சகஜம். 'ணிங்ங்' என்று மணி அடித்து, அந்த ஒலி நீண்டு, ஊளையாகவே மாறினால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக். மாற்றினால் முடிந்தது. ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ ஆம்ப்களில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் வால்வு வாழ்நாள் முழுக்க அந்த அதிர்விலேயே தொங்குகிறது.

எந்த வால்வும் மணி அடிக்கவில்லை, ஆனால் ஆன் செய்த சில விநாடியில் முழு வேகத்தில் அலறுகிறது என்றால், "டிரான்ஸ்ஃபார்மர் மாத்தினீங்களா?" என்று கேளுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியவர் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் சால்டர் வைத்திருந்தால் இப்படித்தான் அலறும். ஆமாம் என்று பதில் வந்தால் தைரியமாக விலை பேசலாம். இரண்டு ஒயரை மாற்றி வைக்கும் வேலைதான், ஆனால் உள்ளே உள்ள வேலை.

## அறிகுறி: பவர் வால்வின் தகடு சிவக்கிறது

உடனே அணையுங்கள். விற்பவர் "வால்வுன்னா சிவக்கத்தான் செய்யும்" என்பார். நடுவில் ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல் வரும் நீல ஒளியும் இயல்பு. வெளியே தெரியும் சாம்பல் நிறத் தகடே பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி சிவந்தால் அது ஓடுவதற்கு விடக்கூடாத நிலை. விளக்கை அணைத்து இருட்டில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். மின்தகடுகளுக்கு நடுவே ஊதாவோ இளஞ்சிவப்போ புகைபோல் நின்றால் வால்வுக்குள் வாயு.

இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டு, ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் வால்வு கெட்டது. சிவப்பு அதே சாக்கெட்டிலேயே நின்றால் ஆம்பில் கோளாறு: கசியும் கப்ளிங் கண்டென்சர் (பவர் வால்வுக்கு ஒலியைக் கடத்துவது) அல்லது பயாஸ் வோல்ட்டேஜ் (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுக்குள் வைப்பது). இரண்டுமே சிவந்தால் பயாஸ் சுத்தமாகப் போயிருக்கிறது. சாமான்கள் மலிவானவை, ஆனால் எத்தனை நாள் இப்படி ஓடியது என்பதுதான் கேள்வி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் வெந்திருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் முழு விலை கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: சத்தம் வலுவில்லை

நம் ஊரில் முதல் காரணம் லோ வோல்ட்டேஜ். சாயங்காலம் 190 வோல்ட்டுக்கு இறங்கும் தெருவில் எந்த வால்வு ஆம்பும் சோர்ந்துதான் பாடும். மல்டிமீட்டரில் சாக்கெட்டை அளந்துவிட்டுப் பேசுங்கள்.

வோல்ட்டேஜ் சரியென்றால் ஸ்பீக்கர். கோனின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக மெல்ல அழுத்தினால் உரசும் ஓசை வரக் கூடாது. வந்தால் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) உரசுகிறது. கிழிசல் சின்னதென்றால் ஒட்டலாம். வெளி ஸ்பீக்கர் என்றால் அதன் ஓமும் ஆம்பின் பின்னால் எழுதிய ஓமும் ஒன்றா என்று பாருங்கள்.

அடுத்தது பவர் வால்வு. ஜோடியில் ஒன்று செத்திருந்தாலும் மற்றொன்று தனியாக முனகிக்கொண்டிருக்கும், அதனால் "வேலை செய்யுது" என்றே தோன்றும். தேய்ந்த வால்வில் தடித்த கம்பிகள் குழைந்துபோய், மெல்லிய கம்பிகள் மழுங்கிக் கேட்கும். பவர் வால்வு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆலைகளிலிருந்துதான் வருகின்றன, இங்கே வந்துசேரும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஹாட் ராட் டீலக்ஸ் போன்றவற்றில் வால்வு மாற்றியபின் பயாஸ் வைக்க மெக்கானிக் வேண்டும். ப்ளூஸ் ஜூனியரில் பயாஸ் திருகே இல்லை, வால்வும் சூடாகவே ஓடும்.

### முதலில் நன்றாகப் பாடி, அரை மணியில் அடங்குகிறது

விற்பவர் அவசரப்படுத்துவது சில சமயம் இதற்காகவே. அணைத்து ஆறவிட்டு மறுபடி ஆன் செய்தால் திரும்ப வரும், மறுபடி போகும். வால்வோ சால்டரோ என்றால் சின்னச் செலவு. பவர் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைக்க முடியாத அளவு கொதித்தால் கவனம்: சூடு இயல்பு, நெடியோடு சேர்ந்த கொதிப்பு இயல்பு இல்லை.

## அறிகுறி: ரிவெர்ப் வரவில்லை, சேனல் மாறவில்லை

ரிவெர்ப் குமிழைப் பாதிக்கு ஏற்றிவிட்டு ஆம்பின் ஒரு மூலையை லேசாகத் தூக்கி வையுங்கள். உள்ளே ஸ்பிரிங் மோதி, இடி இடித்ததுபோல் ஒரு முழக்கம் ஸ்பீக்கரில் கேட்டால் டேங்கிலிருந்து (ஸ்பிரிங் இருக்கும் பெட்டி) திரும்பி வரும் பாதை நன்றாக இருக்கிறது. டேங்குக்குள் சத்தத்தை அனுப்பும் பாதையில்தான் கோளாறு. முழக்கமே இல்லையென்றால் திரும்பி வரும் பாதை. அணைத்துவிட்டு, அடியில் இருக்கும் டேங்கின் இரண்டு ஆர்சிஏ கேபிள்களையும் அழுத்திச் சொருகுங்கள். இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். டேங்குக்குள் தலைமுடி போன்ற ஒயர் அறுந்திருந்தால் டேங்கை மாற்ற வேண்டும், விலை தாங்கக்கூடியதுதான்.

ஹாட் ராட் டீலக்ஸில் ரிவெர்ப், சேனல் மாற்றம் இரண்டும் ஒரே நேரத்தில் போயிருந்தால் டேங்கைத் தேட வேண்டாம். உள்ளே 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்கின்றன, போர்டில் ஆர்78, ஆர்79 என்று எழுதியிருக்கும். இவை ஓயாமல் சூடாகிச் சூடாகித் தம்மைப் பிடித்திருக்கும் சால்டரையே விடச் செய்துவிடும். மெக்கானிக் திறந்து பார்த்தால் அவற்றைச் சுற்றி போர்டு பழுப்பேறி இருக்கும். மெக்கானிக்கிடம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுங்கள். புது ரெசிஸ்டரை போர்டிலிருந்து சற்று உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள். "ரிவெர்ப் போச்சு, ஒரு சேனல்தான் வரும்" என்று விலை குறைத்திருக்கும் ஹாட் ராட் கிடைத்தால் விடாதீர்கள்.

## அறிகுறி: கிட்டார் கம்பியைத் தொட்டால் ஷாக்

லேசான சுருக்கென்ற உணர்வு என்றாலும் வாசிப்பதை நிறுத்துங்கள். கையால் இரண்டாவது முறை சோதிக்காதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை கம்பியில், மறுமுனை சாக்கெட் எர்த்தில். முதலில் சாக்கெட்டிலும் ஆம்ப் ஒயரிலும் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள், எர்த் பின்னை யாரோ வெட்டியிருப்பார்கள். எர்த் நன்றாக இருந்தும் வோல்ட்டேஜ் காட்டினால் மெக்கானிக்கிடம் போகாமல் அந்த ஆம்பை யாரும் பயன்படுத்தக் கூடாது, விற்பவரும்தான். அதை அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

## எந்த அறிகுறியும் இல்லை

அரை மணி ஓடியது, ஹம் இல்லை, எல்லாக் குமிழும் வேலை செய்கிறது. வாங்கலாம். கடைசியாக வால்வுகள் எப்போது மாற்றினார், கண்டென்சர் மாற்றியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்றால் ஒரு செட் பவர் வால்வு விலையைக் குறைத்துக் கேட்பது நியாயம்.

மெக்கானிக்கைத் தேடும்போது கிட்டார் கடையில் மட்டும் விசாரிக்காதீர்கள். வால்வு ரேடியோவும், திருவிழாக்களில் கட்டிய பழைய வால்வு மைக் செட் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். சுற்றுப்படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் கிட்டார் ஆம்ப் அவர்களுக்குப் புதிதே அல்ல. "கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் கை வைப்பீங்களா?" என்று கேளுங்கள். எப்படிச் செய்வார் என்று விளக்கத் தொடங்குகிறவரிடம் ஆம்பைக் கொடுக்கலாம்.